பாக்கியராஜ் அனுப்பிய மெயில்

ஏஞ்சலினைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல புதுவாயலில் இன்றைக்கும் நாலு பேர் இருக்கிறார்கள். கேட்டால் நானே கூடச் சொல்வேன். பொறுமைசாலி, கை சுத்தம், யாரையும் எடுத்தெறிந்து பேசமாட்டாள், ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிட்டதில்லை. இவ்வளவு நல்ல பெண் எப்படி இதைச் செய்தாள் என்று கேட்டால், இவ்வளவு நல்ல பெண்ணாக இருந்ததால்தான் செய்தாள் என்பேன். கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் எவனாவது ஒருத்தனிடம் முடியாது என்று சொல்லிப் பழகியிருப்பாள்.

நான் சுப்பிரமணி. புதுவாயல் கூட்டுரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் கடையும் அவள் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரும் ஒரே அறைதான். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் ஆறு கம்ப்யூட்டர், இந்தப் பக்கம் என் மெஷின். அந்தப் பக்கம் யாராவது இருமினால்கூட எனக்குக் கேட்கும். ஆகையால் நான் சொல்வது எதுவும் காதுவழிச் செய்தி இல்லை. காதாலேயே கேட்ட செய்தி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஊர், சின்னமேடு. அவள் அப்பா இரும்புக் கம்பெனியில் ஸ்கிராப் தூக்கி முதுகு போய் வீட்டில் உட்கார்ந்தவர். அவள் பிளஸ் டூ முடித்து, ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து, 2005இல் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். முதலாளி செங்குன்றத்துக்காரர், மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் அவள்தான் முதலாளி.

அந்தக் காலத்தில் பிரவுசிங் சென்டர் என்றால் ரிசல்ட் பார்க்கிறது, வேலைக்கு அப்ளிகேஷன் போடுகிறது, சில பயல்கள் தடுப்புக்குள் உட்கார்ந்து வேறு எதையோ பார்க்கிறது, அவ்வளவுதான். இவள்தான் அதில் மனு என்று ஒன்றைக் கொண்டுவந்தாள். அரசாங்க வெப்சைட்டில் போய் யார் வேண்டுமானாலும் மனு போடலாம் என்று கண்டுபிடித்து, ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், தெருக்குழாய் என்று வருகிறவர்களுக்கெல்லாம் அடித்துக் கொடுத்தாள். பாதிப் பேரிடம் காசுகூட வாங்கமாட்டாள்.

“இனிமே எவன் ஊட்டு வாசல்லயும் போயி நிக்க வேணாம்ணே. இங்க குந்திக்கினே பெரிய ஆபீசருக்கே நேரா போயிடும்” என்பாள்.

“போயி?”

“நம்பர் குடுக்கும்ணே. மனு நம்பர்.”

அந்த நம்பரைப் பிரிண்ட் எடுத்து அவர்கள் கையில் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏதோ பட்டாவே வாங்கிக் கொடுத்துவிட்ட மாதிரி இருக்கும். அவளுக்கு ஒரு கொள்கையும் இருந்தது. வருகிறவர் சொல்வதை அப்படியே அடிப்பது. அது நிஜமா பொய்யா என்று தான் பார்க்கக்கூடாது. “அவங்க வாய், என் கை. அவ்ளோதான்” என்பாள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

முத்தம்மா வந்தது 2008 தை மாதம். அவள் புருஷன் பாக்கியராஜ் எங்கள் தெருதான். இரும்புக் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். உலைக்குள், எங்கள் ஆள்கள் பட்டி என்பார்கள், பழைய இரும்பைத் தள்ளிவிடும் வேலை. ஒருநாள் இரண்டாவது ஷிஃப்டுக்குப் போனவன் திரும்பவில்லை. கால் இடறி உலைக்குள் விழுந்துவிட்டான். அந்தச் சூட்டில் விழுந்தால் எடுத்து எரிக்கக்கூட ஒன்றும் மிஞ்சாது. கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை என்றது. அவனை வேலைக்கு வைத்த காண்ட்ராக்டர் துளசிராமன் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினான். அன்றைய தேதியில் பாக்கியராஜ் பேருக்கு நேரே காலியாக இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்த இரண்டு வடக்கத்திப் பையன்களை மறுநாளே ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

ஆக, சின்னமேட்டில் இரண்டு கதை ஓடியது. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று. துளசிராமன் சொன்ன கதை இன்னொன்று: பாக்கியராஜ் பெண்டாட்டி தொல்லை தாங்காமல் ஓடிப்போய்விட்டான். மாமியார்க்காரி இரண்டாவது கதையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை எரிந்தான் என்பதைவிட ஓடினான் என்பது அவளுக்குத் தேவலை அல்லவா. முத்தம்மா மட்டும், கையில் பெண்குழந்தையோடு, பதினாறாம் நாள் அவனுடைய சட்டை ஒன்றை வைத்துக் காரியம் செய்து, தாலியைக் கழற்றினாள். அதற்கும் மாமியார், “உசுரோட இருக்கறவனுக்கு எழவு எடுக்கிறியாடி” என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

முத்தம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “எம் புருசன் உள்ளதான் செத்தாருன்னு ஒரு பேப்பர் குடுக்கணும் பாப்பா. வேற எதுவும் வேணாம். அவரு ஓடிப் போவல.”

அந்த ஒரு பேப்பருக்கு ஏஞ்சலின் ஒன்பது மனு போட்டாள். ஒன்பது நம்பர் வந்தது. ஒவ்வொரு மனுவும் மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் கம்பெனிக்கே போகும். கம்பெனி, ‘அப்படி எதுவும் நடக்கவில்லை’ என்று எழுதும். அந்தப் பதில் மறுபடி மேலே ஏறி, ‘மனு முடிக்கப்பட்டது’ என்று கம்ப்யூட்டரில் வந்து நிற்கும். முத்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒன்பது பேப்பரையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, குழந்தை மாதிரி இடுப்போடு அணைத்துக்கொண்டு போவாள். பத்தாவதாகத் தொழிலாளர் ஆபீசில் நேரிலேயே ஒரு புகார் கொடுத்தாள். அது மட்டும் செத்துப்போகாமல் விசாரணை என்று ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனிக்கு உறுத்தியது அதுதான்.

அந்த வருஷம் ஆடியில் கம்பெனி இரண்டாவது உலை வைக்கக் கிளம்பியது. அதற்கு ஊர்க்காரர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கவேண்டும் என்று சட்டம். வரமுடியாதவர்கள் மெயிலில் எழுதி அனுப்பலாம் என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்தார்கள். விளம்பரத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு துளசிராமன் நேரே ஏஞ்சலினிடம் வந்தான். அப்போது அவன் காண்ட்ராக்டர் மட்டுமில்லை, கட்சியிலும் வட்டத்தில் ஒரு பொறுப்பு.

“இன்னாம்மா, ஓட்டர் லிஸ்ட்டு இப்போ நெட்லயே இருக்குதாமே?”

“இருக்குதுண்ணா.”

“சின்னமேடு லிஸ்ட்டை எட்து, ஒவ்வொரு பேருக்கும் ஒரு மெயில் தொற. ‘கம்பெனி வரட்டும், எங்களுக்கு வேலை வேணும்’. அவ்ளோதான். நானூத்திப் பன்னெண்டு பேரு.”

“அவங்களைக் கேக்காம எப்பிடிண்ணா?”

“கேட்டா வேணாம்னா சொல்லப் போறானுங்க? வேலை வேணாம்னு எவன்மா சொல்வான்? ஒவ்வொருத்தனையும் இங்க இட்டாந்து குந்த வெச்சா உனக்குத்தான் பேஜாரு.” அப்புறம் குரலைத் தாழ்த்தினான். “டைம் ஆபீஸ்ல ஒரு சீட்டு காலியா இருக்குது. பொம்பளப் புள்ள, கம்ப்யூட்டர் தெரிஞ்சவளா கேட்டுகினுக்கிறாங்க. உங்கப்பன் எந்த கேட்டு வழியா முதுகு ஒடிஞ்சு வெளிய வந்தானோ, அதே கேட்டு வழியா நீ கழுத்துல கார்டு மாட்டிக்கினு உள்ள போலாம்.”

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். அப்புறம் கீபோர்டு சத்தம் கேட்டது.

நாலு நாள் வேலை அது. அந்த வருஷம் மின்வெட்டு வேறு. காலையில் இரண்டு மணி நேரம், மத்தியானம் இரண்டு மணி நேரம். மின்சாரம் இருக்கும்போதெல்லாம் அடித்துக்கொண்டே இருந்தாள். ஒரே கம்ப்யூட்டரில் தொடர்ந்து கணக்குத் திறந்தால் தடுத்துவிடும் என்று ஆறையும் மாற்றி மாற்றி உட்காருவாள். குழப்பம் வரக்கூடாதென்று ஊர்ப் பேரோடு ஓட்டர் லிஸ்டின் வரிசை எண்ணையே சேர்த்து மெயில் முகவரி ஆக்கினாள். சின்னமேடு ஒன்று, சின்னமேடு இரண்டு, இப்படி. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. எண்பத்தெட்டாவது நான். என்னைக் கேட்கவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் இருக்கும்போதே என் பேரில் ஒரு கருத்து கிளம்பிப் போனது. நானும், போகட்டும் என்று இருந்தேன். அத்தனை மெயிலையும் பிரிண்ட் எடுத்து ஜெராக்ஸ் போட்டு புத்தகமாகத் தைக்கிற வேலை எனக்குத்தான் வரப்போகிறது என்று துளசிராமன் சொல்லியிருந்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் கீபோர்டு சத்தம் நின்றது.

“அண்ணே” என்று தடுப்புக்கு மேலே அவள் தலை தெரிந்தது. “இருநூத்திப் பதினேழுல பாக்கியராஜ் மாமா பேரு இருக்குது.”

இருக்கத்தானே செய்யும். செத்தான் என்று பேப்பர் இல்லாமல் எவன் பட்டியலிலிருந்து பேரை எடுப்பான்?

“அதுக்கு?”

“அனுப்பலாமா வேணாமா?”

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்கப் போவதில்லை. மறைப்பதாக இருந்தால் இதை எழுதவே வேண்டாம். அன்றைக்கு எனக்கு அவசரம். மெஷின் வேறு பேப்பரைக் கடித்துக்கொண்டு நின்றது.

“வுட்டா நம்பர் ஒதைக்கும்மா. நடுவுல ஒண்ணு காணோம்னா துளசி வந்து கத்துவான். அனுப்பிட்டு அடுத்ததைப் பாரு. எவன் படிக்கப் போறான்?”

தலை இறங்கியது. கீபோர்டு சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அனுப்பிவிட்டாள்.

கருத்துக் கேட்பு கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் மோர், உள்ளே மின்விசிறி, வந்தவர்களுக்கெல்லாம் பிரியாணிப் பொட்டலம். மேடையில் பெரிய அதிகாரி ஒருவர், அவருக்குப் பக்கத்தில் கம்பெனியின் மேலாளர். அவர் முன்னால் நான் தைத்துக் கொடுத்த புத்தகம். நாலைந்து பேர் எழுந்து காற்று கெட்டுப்போகும், தண்ணீர் கெட்டுப்போகும் என்றார்கள். அதிகாரி குறித்துக்கொண்டார். பிறகு முத்தம்மா எழுந்தாள்.

மைக்கை எப்படிப் பிடிப்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் நடுங்காமல் பேசினாள். “ஐயா, இந்தக் கம்பெனிப் பட்டியிலதான் எம் புருசன் வுழுந்து எரிஞ்சாரு. எலும்புகூடக் குடுக்கல. அவரு செத்தாருன்னு ஒரு பேப்பர் கேட்டு அலைஞ்சிக்கினுக்கிறேன். முதல் பட்டிக்கே பதில் சொல்லல, ரெண்டாவது பட்டி எதுக்குய்யா? இன்னும் யார் ஊட்டு ஆளு வேணும்?”

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவள் ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன். பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தவர்கள்கூடக் கையை எடுத்துவிட்டார்கள்.

மேலாளர் புத்தகத்தைப் புரட்டினார். “உங்க ஹஸ்பண்ட் பேரு என்னம்மா?”

“பாக்கியராஜு.”

“சின்னமேடு, அந்தோணி மகன் பாக்கியராஜ்?”

“ஆமாய்யா.”

“போன வாரம் வியாழக்கிழமை அவரே மெயில் அனுப்பியிருக்காரே. புதுவாயல்லேர்ந்து. ‘கம்பெனி விரிவாக்கத்தை வரவேற்கிறேன், எங்களுக்கு வேலை வேண்டும்.’ சார், இருநூத்திப் பதினேழாவது பக்கம்.”

அதிகாரி அந்தப் பக்கத்தைப் படித்தார். பின்வரிசையில் எவனோ களுக்கென்று சிரித்தான். ஒருத்தன் சிரித்தால் போதாதா? “புருசன் கம்பெனி வேணுங்கறான், பொண்டாட்டி வேணாங்கறா” என்று ஒருத்தன் கத்தினான். மண்டபமே சிரித்தது. அவன் எரிந்த கதை தெரிந்தவர்களும் சிரித்தார்கள். அதிகாரி, “முதல்ல உங்க வீட்டுக்காரரைத் தேடிப் பிடிங்கம்மா, அடுத்தவங்க பேசட்டும்” என்றார். முத்தம்மா கையிலிருந்து மைக்கை ஒருத்தன் வாங்கிக்கொண்டான். அவள் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றாள்.

ஏஞ்சலின் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்திருக்கவில்லை. நானும்தான்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே முத்தம்மா வாசலில் இருந்தாள். கண்டபடி திட்டப் போகிறாள், ஏஞ்சலின் முடியைப் பிடித்து இழுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். இழுத்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாகப் போயிருக்கும். அவள் முகத்தில் வேறு ஏதோ இருந்தது.

“பாப்பா, அவரு இங்க வந்தாரா?”

ஏஞ்சலின் குனிந்து நாற்காலியைத் துடைத்தாள்.

“புதுவாயல்ல இருந்துன்னாரே அந்த ஆளு. இங்க இருக்கறது உன் கடை ஒண்ணுதானே. அவருக்குக் கம்ப்யூட்டர்லாம் தெரியாதே பாப்பா. நீதானே அடிச்சுக் குடுத்திருப்ப?”

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். நான் அடித்தேன் அக்கா, துளசிராமன் சொன்னான் அடித்தேன், மாமா வரவில்லை. மூன்று வாக்கியம். சொன்னால் போலீஸ் வரும், டைம் ஆபீஸ் சீட்டு போகும், அவ்வளவுதான். உயிர் போகாது.

“ஆமாக்கா” என்றாள் ஏஞ்சலின். “வந்தாரு. அவரு சொன்னாரு, நான் அடிச்சேன்.”

முத்தம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு கேள்வி மேல் கேள்வி. இளைச்சிருந்தாரா? என்ன சட்டை? கால் நல்லா இருந்ததா? எங்க பாப்பாவைக் கேட்டாரா? ஏஞ்சலின் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கொஞ்சம் இளைச்சிருந்தாரு. நீலச் சட்டை. தாடி வுட்டிருந்தாரு. பாப்பாவை ரொம்ப விசாரிச்சாரு. முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னவள், போகப்போகத் தடங்கலே இல்லாமல் சொன்னாள்.

“எங்க இருக்காராம்?”

“நாயுடுபேட்டை பக்கம் ஒரு கம்பெனியில.”

முத்தம்மா போன பிறகு நான் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போனேன். “அறிவிருக்குதா உனக்கு?” என்றேன்.

“நீதாண்ணே அனுப்பச் சொன்ன” என்றாள்.

நான் என் பக்கம் திரும்பி வந்து மெஷினைப் போட்டேன். இரண்டு நாள் கழித்து போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருத்தர் வந்து, யார் யார் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்கள் என்று எழுதிவைக்கும் நோட்டைக் கேட்டார். அந்த வியாழக்கிழமையில் பாக்கியராஜின் பேர் ஏஞ்சலின் கையெழுத்தில் ஏற்கெனவே ஏறியிருந்தது. பக்கத்தை என்னிடம்தான் ஜெராக்ஸ் எடுத்தார்கள்.

முத்தம்மா அந்த வெள்ளிக்கிழமையே மஞ்சள் கயிறு வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, தாலியைத் தானே கட்டிக்கொண்டாள். கட்டிவிட யார் வருவார்கள்? நெற்றியில் பெரிய குங்குமம். தெருவில் போனால் பொம்பளைகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். மாமியார் மட்டும் அவளோடு பேச ஆரம்பித்தாள். கிழவிக்கும் பிள்ளை கிடைத்துவிட்டானே.

வாரம் ஒருமுறை சென்டருக்கு வந்து பாக்கியராஜுக்கு மெயில் சொல்வாள். ஏஞ்சலின் அடிப்பாள். இருநூற்றுப் பதினேழுக்கு அனுப்புவாள். முதல் இரண்டு வாரம் பதில் இல்லை. மூன்றாவது வாரம் முத்தம்மா அழுதுகொண்டே போனாள். அன்று சாயங்காலம் ஏஞ்சலின் அதே நாற்காலியில் உட்கார்ந்து இருநூற்றுப் பதினேழைத் திறந்து பதில் எழுதினாள். ‘நான் நல்லா இருக்கேன். பாப்பாவைப் பார்த்துக்கோ.’

“ஏண்டி?” என்றேன்.

“பாவமா இருக்குதுண்ணே. ஒரு வரிதானே.”

பாவம் பார்த்து ஒருத்தியைக் கொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு வரி நாலு வரியானது. அவனுக்குக் காய்ச்சல் வந்தது, சரியானது. மெஸ்ஸில் சாப்பாடு காரம் என்றான். தீபாவளிக்கு வரப் பார்க்கிறேன் என்றான், லீவு கிடைக்கவில்லை என்றான். ஏஞ்சலின் அதையெல்லாம் முத்தம்மாவுக்குப் படித்துக் காட்டுவாள். நன்றாகப் படிப்பாள். கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கே அந்த ஆள் எங்கேயோ உட்கார்ந்து எழுதுகிற மாதிரி இருக்கும். உயிரோடு இருந்தபோது பாக்கியராஜ் பெண்டாட்டியிடம் அவ்வளவு பேசியிருக்கமாட்டான்.

துளசிராமனுக்கு விஷயம் எட்டியபோது அவன் கோபப்படவில்லை. மகிழ்ந்துபோனான். கார்த்திகையில் ஒரு நாள் வந்து, ஒரு பேப்பரைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்; ஏஞ்சலின் அடித்தாள். ‘நீ கம்பெனி மேல புகார் குடுத்திருக்கியாமே. அதனாலதான் ஊருக்கு வர பயமா இருக்கு. வந்தா என்னைப் புடிச்சு உள்ள போடுவாங்க. புகாரை வாபஸ் வாங்கு. வாங்கினதும் வந்துடறேன்.’

இதை முத்தம்மாவுக்குப் படிக்கும்போதாவது குரல் தடுமாறும் என்று பார்த்தேன். தடுமாறியது. நடுவில் ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு மீதியையும் படித்தாள்.

மறுநாளே முத்தம்மா தொழிலாளர் ஆபீசுக்குப் போனாள். துளசிராமனே காரில் கூட்டிப்போனான். ‘என் கணவர் உயிருடன் இருக்கிறார், வெளியூரில் வேலை செய்கிறார், தவறான தகவலால் புகார் கொடுத்துவிட்டேன்’ என்ற பேப்பரில் கட்டைவிரலை உருட்டி வைத்தாள். செத்தான் என்று ஒரு பேப்பர் கேட்டு அலைந்தவள், இருக்கிறான் என்ற பேப்பரைத் தானே கொடுத்தாள். அதற்கும் மூன்று நகல் என் கடையில்தான் எடுத்தார்கள். முத்தம்மா ஒரு நகலை என்னிடம் காட்டி, “நல்லா தெளிவா வந்துக்குதாண்ணா?” என்று கேட்டாள். “வந்துக்குது” என்றேன்.

இரண்டாவது உலை வந்தது. ஏஞ்சலின் பொங்கலுக்குப் பிறகு டைம் ஆபீசில் சேர்ந்தாள். கழுத்தில் கார்டு. யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. சென்டரில் வேறு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இந்த மெயில் கதை எதுவும் தெரியாது. முத்தம்மா அவளிடம் போய்ப் பதில் வந்திருக்கிறதா என்று கேட்பாள். அவள், “எந்த ஐடி, பாஸ்வேர்டு இன்னா” என்பாள். முத்தம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்ப்பாள். நான் மெஷினுக்குள் குனிந்துகொள்வேன்.

2009 மே மாதம் தேர்தல். சின்னமேடு பள்ளிக்கூடத்தில் ஓட்டுச்சாவடி. தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் கட்சிக்காரர்கள் மேஜை போட்டிருந்தார்கள். துளசிராமன் மேஜையில் ஏஞ்சலின் இருந்தாள். அன்றைக்குக் கம்பெனி லீவு. முன்னால் கம்பெனி லேப்டாப்பில் ஓட்டர் லிஸ்ட். வருகிறவர்கள் பேரைச் சொன்னால் தட்டிப் பார்த்து எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுப்பாள். மற்ற கட்சிக்காரன் நோட்டைப் புரட்டித் தேடுவதற்குள் இவள் மூன்று பேரை அனுப்பிவிடுவாள். நான் அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்துக்குள்ளிருந்து முத்தம்மா ஓடிவந்தாள். புதுச்சேலை, தலை நிறைய கனகாம்பரம். கையில் இரண்டு ஓட்டர் அட்டை. ஒன்று அவளுடையது, மற்றது பாக்கியராஜுடையது. ஓட்டுப்போடவாவது வருவான், அட்டை இல்லாமல் தவிக்கக்கூடாது என்று எடுத்து வந்திருக்கிறாள்.

“ஏஞ்சலு! அவரு வந்துட்டாராமே! உள்ள கேட்டேன், எங்க ஊட்டுக்காரரு வந்தா வுடுவீங்களான்னு. ‘உனக்கு மேல இருக்கற பேரா? அவரு காலையிலயே போட்டுட்டாரும்மா’ன்னு சொல்றாரு. கோடுகூடப் போட்டுக்குது. நானே பார்த்தேன். நீ காத்தாலேர்ந்து இங்கதானே குந்திக்கினுக்கிற, பார்த்தியா அவரை?”

காலை ஏழு மணிக்கே துளசிராமனின் ஆள்கள் யார் யார் பேரில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள் என்பது வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஏஞ்சலின் லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தினாள். துளசிராமன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பார்த்தேங்கா” என்றாள். “இப்பதான் போனாரு.”

“எந்தப் பக்கம்?”

ஏஞ்சலின் கையை நீட்டி ஹைவே பக்கம் காட்டினாள்.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பத்து மாசம் தாங்கினவன் அன்றைக்கு வரிசையை விட்டு வெளியே வந்து முத்தம்மாவின் கையைப் பிடித்தேன். “முத்தம்மா, போவாத. அவன் செத்துட்டாம்மா. பட்டியில எரிஞ்சுட்டான். மெயில்லாம் இவ எழுதினது. முதல் மெயிலை அனுப்பச் சொன்னது நான். நான்தான் சொன்னேன். அட்டை உன் கையில இருக்குது பாரு, அட்டை இல்லாம அவன் எப்பிடி ஓட்டுப் போடுவான்?”

அவள் என்னைப் பார்த்த பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை. கையை உதறினாள். பிளாஸ்டிக் செருப்பைக் கழற்றி என் முகத்திலேயே அடித்தாள். இரண்டு முறை.

“செத்தவன் வந்து ஓட்டுப் போடுவானாடா? கவர்மெண்டு லிஸ்ட்டுலயே கோடு போட்டுக்குது. நீ யாருடா எம் புருசனைச் சாவடிக்க? கம்பெனிக்காரன் உனக்கு எவ்ளோ டப்பு குடுத்தான்?”

செருப்பைக்கூட மாட்டாமல் அந்த வெயிலில் ஹைவேயைப் பார்க்க ஓடினாள். பூ உதிர்ந்துகொண்டே போனது. லாரிச் சத்தத்துக்கு மேலே அவள் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது கொஞ்ச தூரம் வரைக்கும் கேட்டது. யாரும் பின்னால் போகவில்லை.

துளசிராமன் என் தோளைத் தட்டி, “வுடு நைனா, வெயில்ல அது மண்டை கலங்கிக்குது” என்றான். ஏஞ்சலின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிஜமாகவே அழுதிருந்தாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “அடுத்தது யாருண்ணே, நீங்களா?” என்றாள்.

நான் பேரைச் சொன்னேன். சீட்டு எழுதிக் கொடுத்தாள். உள்ளே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன்.